மெமோ வாங்காமல் நான்கு வருடம்: கல்லூரி ஒழுங்கு விதிகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

தமிழ்நாட்டில் முதலாண்டு சேரப்போகிற மாணவர்களுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் இதை எழுதுகிறேன். வகுப்பு ஆலோசகராக இருந்து பார்த்ததில், ஒழுங்கு நடவடிக்கையில் மாட்டி மெமோ (விளக்கம் கேட்டுக் கல்லூரி கொடுக்கும் கடிதம்) வாங்குகிறவர்களில் அடாவடிப் பிள்ளைகள் கொஞ்சம்தான். முன்னாடியே சொல்ல வேண்டியதைப் பின்னாடி சொன்னவர்கள், எழுதிக் கொடுக்க வேண்டியதை வாயால் சொல்லிவிட்டு வந்தவர்கள்தான் அதிகம். அதனால் எதை எப்போது செய்ய வேண்டும் என்ற வரிசைப்படியே போகிறேன்.

எண்கள் வரும் இடங்களில் அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளின் 2021 ரெகுலேஷனை (படிப்புக்கும் தேர்வுக்குமான விதித் தொகுப்பு) வைத்துச் சொல்கிறேன். தன்னாட்சிக் கல்லூரி, கலை அறிவியல் கல்லூரி, அதற்குப் பின் வந்த ரெகுலேஷன் என்றால் எண்கள் கொஞ்சம் மாறலாம். வேலையின் வரிசை பெரும்பாலும் இதேதான்.

1. சேரும் முன் கையில் இருக்க வேண்டியவை

உங்கள் பெயரில் ஒரு மின்னஞ்சல் முகவரி, அதன் பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரிந்ததாக. பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் போட்டுக்கொடுத்தவர் தன்னுடைய முகவரியையே போட்டுவிடுவார். பிறகு பல்கலைக்கழகத்திலிருந்து வருவதெல்லாம் அவருக்குத்தான் போகும். சேர்க்கைக்கு முன்பே இதைச் சரிபார்த்து மாற்றிவிடுங்கள்.

அப்பா அல்லது அம்மாவின் உண்மையான செல்போன் எண். நண்பனின் எண்ணை அப்பா எண் என்று கொடுப்பது பழைய தந்திரம். ஆப்சென்ட் குறுஞ்செய்தி வீட்டுக்குப் போகாது, அவ்வளவுதான் லாபம். ஒருநாள் எச்.ஓ.டி. (துறைத் தலைவர்) அந்த எண்ணைக் கூப்பிடுவார், மூன்றாவது பெஞ்சில் போன் அடிக்கும். லீவு போட்டதற்கு ஒரு எச்சரிக்கையோடு போயிருக்கும். பொய்த் தகவல் கொடுத்ததற்குத் தனியாக ஒரு விசாரணை வரும்.

மூன்றாவது, இரண்டு ஆவணங்கள். ஒன்று பல்கலைக்கழகத்தின் ரெகுலேஷன்ஸ், இணையதளத்தில் பிடிஎஃப்பாகக் கிடைக்கும். இன்னொன்று கல்லூரி கொடுக்கும் கையேடு. முழுக்கப் படிக்க வேண்டியதில்லை. வருகைப்பதிவு, தேர்வு முறைகேடு, விடுதி, ஒழுங்கு நடவடிக்கை ஆகிய நான்கு பகுதிகளையும் படித்தால் போதும். சீனியர் சொன்னதை விதி என்று நம்புவதுதான் இங்கே நடக்கிற பெரிய தப்பு. அவர் படித்தது வேறு ரெகுலேஷனாக இருக்கலாம்.

2. ராகிங் உறுதிமொழியை நீங்களே நிரப்புங்கள்

யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2009 விதிமுறைப்படி மாணவரும் பெற்றோரும் ராகிங் எதிர்ப்பு உறுதிமொழி கொடுக்க வேண்டும். இப்போது அதை ஆன்லைனிலேயே நிரப்பலாம். முடித்ததும் ஒரு பதிவு எண் மின்னஞ்சலில் வரும். அதைக் கல்லூரியின் பொறுப்பு அலுவலருக்கு அனுப்பிவிட்டு, ஒரு பிரதியை உங்கள் கோப்பிலும் வையுங்கள். முதலாண்டோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள், ஒவ்வொரு கல்வியாண்டும் நிரப்ப வேண்டும்.

நீங்களே நிரப்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எதெல்லாம் ராகிங் என்ற விதிமுறைப் பட்டியலைப் படித்துவிட்டேன் என்று அதில் உறுதி சொல்கிறீர்கள். அடிப்பது மட்டும் ராகிங் என்று நினைக்கிறவர்கள் அதை ஒருமுறை பார்க்க வேண்டும். பாட்டுப் பாடச் சொல்வது, தன் அசைன்மென்ட்டை எழுதச் சொல்வது, டீ வாங்கிவரச் சொல்லி ஜூனியர் காசைச் செலவழிக்க வைப்பது எல்லாமே அதற்குள் வரும். சாதி, மதம், நிறம், ஊர், பேச்சுவழக்கு ஆகியவற்றைச் சொல்லிக் கேலி செய்வதை 2016இல் தனியாகவே சேர்த்தார்கள்.

தமிழ்நாட்டில் இதற்குத் தனிச் சட்டமே 1997இலிருந்து இருக்கிறது. இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். தண்டனை பெற்றால் கல்லூரியிலிருந்து நீக்கப்படுவதோடு வேறு எந்தக் கல்வி நிறுவனத்திலும் சேர முடியாது.

இரண்டாம் ஆண்டு போனதும் இதே பகுதியைத் திரும்பப் படியுங்கள். "நான் ஒன்றும் பண்ணவில்லை, பக்கத்தில் நின்றேன்" என்பது பதிலாகாது. தூண்டிவிடுவதும் உடந்தையாக இருப்பதும் சட்டத்திலேயே குற்றம். செய்தவர் யார் என்று தெரியாவிட்டால் கூட்டாகத் தண்டனை கொடுக்கவும் யுஜிசி விதியில் இடமிருக்கிறது. அப்படி ஒரு கூட்டம் கூடினால் அங்கிருந்து கிளம்பிவிடுவதும், வார்டனுக்குச் சொல்வதும்தான் வழி. பாதிக்கப்பட்டவர் பெயர் சொல்லப் பயந்தால் 1800-180-5522 என்ற இலவச எண் 24 மணி நேரமும் இயங்குகிறது.

3. வருகைப்பதிவு: கணக்கை முதல் மாதமே போடுங்கள்

75 சதவீதம் கட்டாயம். 65க்கும் 75க்கும் இடையில் இருந்தால் உடல்நலக் காரணமோ விளையாட்டுப் போட்டியோ காட்டிச் சான்றிதழ் கொடுத்துத் தேர்வெழுத வாய்ப்பு உண்டு. 65க்குக் கீழே போனால் அந்த செமஸ்டர் போச்சு. அடுத்த ஆண்டு ஜூனியர்களோடு உட்கார்ந்து திரும்பப் படிக்க வேண்டும்.

ஒரு செமஸ்டருக்கு 80 வேலைநாள் என்று வையுங்கள். கால்வாசி என்றால் 20 நாள். புதிதாக வருகிறவர்கள் இந்த இருபதை எடுத்துக்கொள்ள வேண்டிய லீவு மாதிரி பார்க்கிறார்கள். ஆகஸ்டில் ஊர்த் திருவிழா, செப்டம்பரில் இரண்டு கல்யாணம், இடையில் பட ரிலீஸ் என்று பதினெட்டு நாள் கரைந்திருக்கும். அக்டோபர் மழையில் நிஜமாகவே காய்ச்சல் வரும்போது மிச்சம் இரண்டு நாள்தான். முதல் மூன்று மாதத்தில் பத்து நாளைத் தொடாமல் வைத்திருங்கள்.

லீவு வேண்டுமானால் முந்தின நாளே கடிதம் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். திடீரென்று உடம்புக்கு முடியவில்லை என்றால் அன்று காலையிலேயே ஆலோசகருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள், திரும்பி வந்த முதல் நாளே மருத்துவச் சான்றிதழைக் கொடுங்கள். செமஸ்டர் கடைசியில் மொத்தமாக வாங்கிவரும் சான்றிதழ்களை யாரும் நம்புவதில்லை. டெங்கு என்று ஐந்து நாளுக்குச் சான்றிதழ் நீட்டுவார்கள். அதில் மூன்றாம் நாள் தேதியில் லேப் ரெக்கார்டில் ஆசிரியர் கையெழுத்துப் போட்டிருப்பார். அதற்கப்புறம் பேச்சு வருகைப்பதிவைப் பற்றி இருக்காது, போலிச் சான்றிதழைப் பற்றித்தான் இருக்கும்.

ஓ.டி.க்கும் (ஆன் டியூட்டி: கல்லூரி அனுமதியோடு வெளியே போன நாளை வந்ததாகவே கணக்கிடுவது) இதே வரிசைதான். சிம்போசியம், விளையாட்டு, என்எஸ்எஸ் முகாம் எதுவானாலும் போகும் முன் அனுமதிக் கடிதம், வந்த பின் பங்கேற்புச் சான்றிதழ். போய்விட்டு வந்து "சார், ஓ.டி. போட்டுத் தாங்க" என்று நின்றால் கொடுப்பது அவர் மனசு. கொடுக்காவிட்டால் உங்களுக்கு விதியின் துணையும் இல்லை.

பிராக்சி கொடுத்தால் வராதவரோடு குரல் கொடுத்தவரும் மாட்டுவார். வகுப்பே சேர்ந்து மாஸ் பங்க் அடித்தால் யார் தொடங்கியது என்று தேடி, கடைசியில் வகுப்புப் பிரதிநிதி தலையில்தான் விடியும். ஒரு தாளுக்கு வகுப்பே நடக்கவில்லை, ஆசிரியர் சரியாக நடத்தவில்லை என்றால் எல்லோரும் கையெழுத்திட்டு எச்.ஓ.டி.யிடம் மனு கொடுங்கள். பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு அப்போது அவருக்கு வந்துவிடுகிறது. பங்க் அடித்தால் பதில் சொல்கிற வேலை உங்களுடையதாகிவிடுகிறது.

4. ரெக்கார்ட், அசைன்மென்ட், புராஜெக்ட்

நண்பனின் அசைன்மென்ட்டைப் பார்த்து எழுதுவதை நம்மூரில் யாரும் குற்றமாகவே நினைப்பதில்லை. இன்டர்னலில் (கல்லூரியே போடும் மதிப்பீட்டில்) மதிப்பெண் குறையும், அதோடு முடியும். புராஜெக்ட் அறிக்கையிலும் முதுகலை ஆய்வேட்டிலும் அப்படி முடியாது.

யுஜிசியின் 2018 விதிமுறையில், ஆய்வேடு மற்றவர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதற்குப் படிகள் வைத்திருக்கிறார்கள். 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய பிரதியைக்கூடக் கொடுக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து.

எழுதத் தொடங்கும்போதே எந்த வரி எங்கிருந்து வந்தது என்று ஒரு தனித் தாளில் குறித்துக்கொண்டே போங்கள். கடைசி வாரத்தில் மென்பொருள் காட்டிய சிவப்பு வரிகளைப் பார்த்துச் சொல்லை மாற்றிப் போடுவது பலரும் செய்வது. சதவீதம் குறையும், ஆனால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) "இந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டால் வாய் திறக்காது.

சாட்ஜிபிடி போன்றவற்றைப் பயன்படுத்தலாமா என்பது கல்லூரிக்குக் கல்லூரி, ஆசிரியருக்கு ஆசிரியர் மாறுகிறது. தலைப்பு கிடைத்த அன்றே வழிகாட்டியிடம் கேட்டு, அவர் சொன்னதை மின்னஞ்சலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். "நீங்கள் இலக்கணம் திருத்த மட்டும் பயன்படுத்தலாம் என்றீர்கள், அதன்படி செய்கிறேன்" என்று ஒரு வரி போதும். ஆறு மாதம் கழித்து யாருக்கும் ஞாபகம் இருக்காது, மின்னஞ்சல் இருக்கும்.

5. தேர்வறை

இங்கேதான் ஒன்றும் தெரியாமல் மாட்டுகிறவர்கள் அதிகம். அதனால் நிதானமாகவே சொல்கிறேன்.

வீட்டில் அல்லது விடுதியில்: பையைக் காலி செய்யுங்கள். சட்டைப் பை, பேன்ட் பை, பர்ஸ், பென்சில் பாக்ஸ், கால்குலேட்டர் மூடியின் உட்பக்கம், ஸ்கேலின் பின்பக்கம், ஹால் டிக்கெட்டின் பின்பக்கம். நேற்று ராத்திரி படிக்கும்போது ஒரு சூத்திரத்தை எங்கேயாவது கிறுக்கியிருப்பீர்கள். பறக்கும் படைக்கு அது கிறுக்கலாகத் தெரியாது, பிட்டாகத்தான் தெரியும். பயன்படுத்தினீர்களா என்று பார்ப்பதற்கு முன்பே, வைத்திருந்தது குற்றமாகிவிடும்.

செல்போனும் ஸ்மார்ட் வாட்சும் அறைக்குள் வரவே கூடாது. சுவிட்ச் ஆஃப் செய்திருக்கிறேன் என்பதெல்லாம் எடுபடாது.

உட்கார்ந்ததும்: மேசையைப் பாருங்கள். முந்தைய பேட்ச் புண்ணியவான் யாராவது பென்சிலால் எழுதிவைத்திருப்பார். கேள்வித்தாள் வரும் முன்பே கண்காணிப்பாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். நீங்களே அழித்துக்கொண்டிருந்தால் அந்த நேரம் பார்த்து யாராவது உள்ளே வருவார்கள்.

எழுதும்போது: கேள்வித்தாளில் பதிவு எண்ணைத் தவிர எதையும் எழுதாதீர்கள். ரஃப் ஒர்க் விடைத்தாளிலேயே போடுங்கள். பக்கத்தில் இருப்பவர் பார்வைக்குப் படும்படி கேள்வித்தாளில் விடை எழுதிவைப்பது ஒரு பழக்கம் என்பதால், நல்ல எண்ணத்தில் போட்ட கணக்கும் அதே கணக்கில் சேரும்.

விடைத்தாளில் உங்கள் பெயர், கல்லூரிப் பெயர், குறிப்பிட்ட இடம் தவிர வேறு இடத்தில் பதிவு எண், தனி அடையாளம் எதுவும் வரக்கூடாது. திருத்துகிறவருக்கு இது யாருடைய தாள் என்று தெரியக் கூடாது என்பதுதான் காரணம். பக்கம் தோறும் பிள்ளையார் சுழி போடுகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், மனசுக்குள் போட்டுக்கொள்ளலாம். "ஐயா, ஏழைக் குடும்பம், பாஸ் போட்டுவிடுங்கள்" என்று எழுதுவதும் முறைகேட்டுப் பட்டியலில் இருக்கிறது. மதிப்பெண் கூடாது, அந்தத் தாளுக்கே ஆபத்து.

கால்குலேட்டர், ரப்பர், கிராஃப் ஷீட் எதையும் பக்கத்தில் கேட்காதீர்கள், கொடுக்கவும் செய்யாதீர்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் கண்காணிப்பாளர் கை வழியாகத்தான்.

காலடியில் ஒரு துண்டுச் சீட்டு கிடந்தால் தொடாமல் கையைத் தூக்குங்கள். பல பேர் காலால் தள்ளிவிடுகிறார்கள். தள்ளியதை ஒருவர் பார்த்தால் அது உங்களுடையது என்றுதான் ஆகும்.

ஒருவேளை பிடிபட்டால்: ஓடாதீர்கள், கிழிக்காதீர்கள், வாயில் போட்டு மெல்லாதீர்கள். சாட்சியத்தை அழிப்பது தனிக் குற்றம், தண்டனை இன்னும் பெரிது. உங்களிடம் எழுத்து வாக்குமூலம் கேட்பார்கள். அதில் நடந்ததை மட்டும், நேரம் போட்டு, உங்கள் கையால் எழுதுங்கள். வேறொருவர் சொல்லச் சொல்ல எழுதாதீர்கள். சீட்டு உங்களுடையது இல்லை என்றால் இல்லை என்றே எழுதுங்கள். உங்களுடையதுதான் என்றால் இல்லை என்று எழுதாதீர்கள், கையெழுத்தே காட்டிக்கொடுத்துவிடும்.

6. விடுதியும் வெளியே போவதும்

அவுட் பாஸில் எழுதிய இடமும் போன இடமும் ஒன்றாக இருக்கட்டும். விபத்து நடந்தால் முதலில் பார்ப்பது அந்தப் பாஸைத்தான். பஸ் தாமதமானால் நேரம் முடியும் முன்பே வார்டனைக் கூப்பிடுங்கள். எட்டு மணி கேட்டுக்கு ஏழே முக்காலுக்கு வரும் போனும் எட்டே காலுக்கு வரும் போனும் ஒன்றில்லை.

7. வாட்ஸ்அப் குழுக்கள்

வகுப்புக் குழுவைச் சொந்த வீட்டுத் திண்ணை என்று நினைத்துப் பேசுகிறார்கள். அறுபது பேர் இருக்கிற இடத்தில் யாராவது ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுப்பார். ஆசிரியர் பாடம் நடத்தும்போது எடுத்த வீடியோவை ஸ்டிக்கராக்கிப் போடுவது, வகுப்புத் தோழியின் புகைப்படத்தைக் கேட்காமல் பகிர்வது ஆகியவற்றுக்குத்தான் அடிக்கடி மெமோ வருகிறது.

சீனியர்கள் தனியாகக் குழு ஆரம்பித்து முதலாண்டு மாணவர்களைச் சேர்த்து மிரட்டுவதும் ராகிங்தான் என்று 2025இல் யுஜிசி கல்லூரிகளுக்குச் சொல்லியிருக்கிறது. நீங்கள் அட்மினாக இருக்கும் குழுவில் எல்லை மீறிய பதிவு வந்தால் அதை நீக்குவதோடு நிறுத்தாமல், குழுவிலேயே ஒரு வரி கண்டித்து எழுதுங்கள். பின்னால் உங்கள் பக்கம் காட்ட அது ஒன்றுதான் இருக்கும்.

8. உங்களுக்கு ஒன்று நடந்தால் எங்கே போவது

ஒழுங்கு என்பது மற்றவர்களிடம் நாம் நடப்பது மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நமக்கு நடந்ததைச் சரியான இடத்தில் சொல்வதும் அதற்குள் வருகிறது. அடித்தவனை ஆள் சேர்த்துத் திருப்பி அடித்தால் இரண்டு தரப்புக்கும் ஒரே மெமோதான்.

பாலியல் தொல்லை என்றால் உள் புகார்க் குழு. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். குழு உறுப்பினர்களின் பெயரைக் கல்லூரியில் எழுதி ஒட்டியிருக்க வேண்டும், முதல் வாரத்திலேயே போட்டோ எடுத்து வையுங்கள். கட்டணம், சான்றிதழைத் தராமல் வைத்துக்கொள்வது, மதிப்பீட்டில் பாரபட்சம் போன்றவற்றுக்கு மாணவர் குறைதீர்க் குழு. ராகிங் என்றால் ராகிங் தடுப்புக் குழு. எங்கே கொடுத்தாலும் இரண்டு பிரதி எடுத்துப் போங்கள், ஒன்றில் "பெறப்பட்டது" என்று தேதியோடு கையெழுத்து வாங்குங்கள்.

9. மெமோ வந்துவிட்டால்

முதல் வேலை, மெமோவை முழுக்கப் படிப்பது. என்ன குற்றச்சாட்டு, எந்தத் தேதி, எத்தனை நாளில் பதில், யாருக்குப் பதில் என்று நான்கையும் அடிக்கோடிடுங்கள். குற்றச்சாட்டு பொத்தாம்பொதுவாக இருந்தால், புகாரின் பிரதியைக் கேட்டுக் கடிதம் கொடுங்கள். என்ன குற்றம் என்று தெரியாமல் யாரும் பதில் சொல்ல முடியாது, கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

இரண்டாவது, அன்றே வீட்டில் சொல்வது. கல்லூரி கூப்பிட்டுத்தான் அப்பாவுக்குத் தெரியும் என்றால், அவர் விசாரணை அறைக்குள் உங்கள் மேல் கோபத்தோடுதான் வருவார். சித்தப்பாவை அப்பா என்று அழைத்துவரும் வேலையும் வேண்டாம்.

மூன்றாவது, விளக்கக் கடிதம். சாதாரணமாக வருவது இப்படி இருக்கும்: "ஐயா, நான் தெரியாமல் செய்துவிட்டேன். இனிமேல் இதுபோல் எந்தத் தவறும் செய்ய மாட்டேன். என்னை மன்னிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்." எதைச் செய்தார் என்று இதில் இல்லை. நாளைக்கு இதே கடிதத்தை எந்தக் குற்றச்சாட்டோடும் சேர்த்து வைக்கலாம்.

இதற்குப் பதில் இப்படி எழுதலாம்: "12ஆம் தேதி பிற்பகல் மூன்றாம் பீரியடில் நான் வகுப்பில் இல்லை. அனுமதி வாங்காமல் கேன்டீனுக்குப் போனேன், அது தவறு. ஆனால் அன்று கேன்டீன் கண்ணாடி உடைந்தபோது நான் அங்கே இல்லை. அப்போது நூலகத்தில் இருந்தேன். நுழைவுப் பதிவேட்டில் என் கையெழுத்து உள்ளது. அதைச் சரிபார்க்கக் கேட்டுக்கொள்கிறேன்." செய்ததை ஒப்புக்கொண்டதால்தான் செய்யாததை மறுப்பதற்கு மதிப்பு வருகிறது. இரண்டையும் ஒரே பத்தியில் குழப்பாமல் வரி வரியாகப் பிரித்து எழுதுங்கள்.

அவசரத்தில் "இங்கே ஒரு அப்பாலஜி லெட்டர் எழுதிக் கொடுத்துட்டுப் போ" என்று நிற்க வைப்பார்கள். நின்றபடி எழுதாதீர்கள். "நாளைக் காலை கொண்டுவருகிறேன் சார்" என்று பணிவாகச் சொன்னால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.

விசாரணைக்குப் போகும்போது ஆதாரங்களைத் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துப் போங்கள். கேட்டதற்கு மட்டும் பதில். "அவனும்தான் செய்தான்" என்பது உங்களைக் காப்பாற்றாது. ஆசிரியரைப் பற்றிய குறை இருந்தால் அதைத் தனி மனுவாகக் கொடுங்கள், விசாரணையில் நுழைத்தால் பழிவாங்குவதாகத்தான் படும்.

10. முடிவு வந்த பிறகு

முடிவை எழுத்தில் வாங்குங்கள். சஸ்பென்ஷன் என்றால் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, அந்த நாட்கள் வருகைப்பதிவில் எப்படிக் கணக்காகும், இன்டர்னல் தேர்வு எழுதலாமா என்று மூன்றையும் கேட்டு எழுதி வாங்குங்கள். ஐந்து நாள் சஸ்பென்ஷன் பத்து நாளாக நீண்டு, வருகைப்பதிவு 65க்குக் கீழே போய்விட்ட கதைகள் உண்டு.

அபராதம் கட்டினால் ரசீது. அசல் சான்றிதழைப் பிடித்துவைத்துக்கொள்வதாகச் சொன்னால், அது 2023ஆம் ஆண்டு யுஜிசி விதிமுறையில் குறையாகவே பட்டியலிடப்பட்டிருக்கிறது. மாணவர் குறைதீர்க் குழுவுக்குப் புகார் கொடுங்கள். குழு 15 வேலைநாளுக்குள் அறிக்கை தர வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் முடிவு கைக்கு வந்த 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். நாள் எண்ணுவதற்காகத்தான் முடிவுக் கடிதம் வந்த தேதியை உறையின் மேலேயே எழுதிவைக்கச் சொல்வேன். உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.